கல்லில்லாத மலை

முன்னொரு காலத்திலே, உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் தொட்டிலில் கிடந்து கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்த காலத்திலே, செம்மண்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே எல்லாம் விளைந்தது, உப்பு மட்டும் கிடையாது. உப்பு வேண்டுமானால் நெட்டைமலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேண்டும்.

மலையேறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம். மூட்டைக்குள் அரிசி, கம்பளி, தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை. இதெல்லாம் உடம்புக்கு. மூட்டை மூலையில் தனியாக ஒரு முடிச்சு. அதற்குச் சபலக்கட்டு என்று பேர். துளியும் பிரயோஜனமில்லாத, ஆனால் விட்டுவிட்டுப் போக மனசு வராத ஏதாவது ஒன்றை அதிலே கட்டிக்கொள்வார்கள். ஒருத்தன் இலவம்பஞ்சுத் தலையணை, ஒருத்தன் சந்தனக்கல், ஒருத்தன் கூண்டோடு மைனா! கனக்கும். கனக்கட்டுமே!

மருதாயியின் புருஷன் சடையப்பன் வெண்கல வெற்றிலைப் பெட்டியைச் சபலக்கட்டில் கட்டிக்கொண்டு உப்புக்குப் போனான். போனவன் வரவில்லை. அவனுக்கு முன்னால் போனவர்களும் வரவில்லை, பின்னால் போனவர்களும் வரவில்லை. தாலியைக் கழற்றச் சொன்னாள் மாமியார்.

"இது என்ன கழுத்தை ஒடிக்கிற கனமா அத்தை? கிடந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு மருதாயி மூட்டை கட்டினாள். அவள் சபலம் பல்லாங்குழி. கருங்காலிப் பலகை, குழந்தை கனம் கனக்கும். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் ஆடுவாள். இடது கை தோற்றால் வலது கைக்குக் கொண்டாட்டம்.

முதல் வளைவில் ஒரு முனி உட்கார்ந்திருந்தான். பேர் லேசமுனி. கனம் என்றாலே அவனுக்கு ஆகாது. பல் விளக்கும் வேப்பங்குச்சியைக்கூடப் பாதியாக ஒடித்துத்தான் வைத்திருப்பான். தலைமுடியை எறிந்தான், பேரப்பிள்ளைகளை மறந்தான், கடைசியில் நிழலையும் உதறிவிட்டான்.

"வேண்டாததை எறி, விறுவிறுன்னு ஏறு!" என்றான்.

மருதாயிக்கு முதுகு வெடித்தது. யோசித்தாள். அரிசியை எறிந்தாள்.

"அடிப் பைத்தியமே, அந்தப் பலகையைச் சொன்னேன்!"

"அரிசி எல்லார் வீட்டிலேயும் இருக்கு சாமி" என்று நடந்தாள்.

இரண்டாம் வளைவில் அதே முனி. "வேண்டாததை எறி, விறுவிறுன்னு ஏறு!" கம்பளியை எறிந்தாள். மூன்றாம் வளைவில் அதே முனி, அதே பாட்டு. சுரைக்குடுக்கையை எறிந்தாள்.

பசி, குளிர், தாகம். மூன்றோடும் பல்லாங்குழியோடும் உச்சிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே கல். எங்கே பார்த்தாலும் கல். ஆள் குந்தியிருக்கிற உயரத்தில், வழவழவென்று, ஒன்றுபோலவே இன்னொன்று.

முனி முன்னால் வந்து நின்று கைகொட்டிச் சிரித்தான். "எறியச் சொன்னேன், எறிஞ்சாங்க. சபலம் போச்சு, கூடவே மனசும் போச்சு, கல்லாயிட்டாங்க. உன் ஆளும் இதிலேதான் ஒருத்தன். எது? நீயே சொல்லு பார்ப்போம்!"

மருதாயி ஒவ்வொரு கல்லாகத் தடவினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரே குளிர்ச்சி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை அடையாளம் தெரியவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதாள். கண்ணில் தண்ணீர் வற்றியதும் தொண்டையால் அழுதாள்.

வெறுங்கையோடு எப்படி இறங்குவது? லேசாகக் கூன் போட்டாற்போல் ஒரு கல் தெரிந்தது. அவரும் கூன்தானே? இவர்தான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூட்டைதான் காலியாயிற்றே, அதில் கல்லைக் கட்டி முதுகில் ஏற்றினாள். பல்லாங்குழியைத் தலையில் வைத்தாள்.

முனியின் மந்திரம் எறிந்ததன் மேல்தான் பலிக்கும். வேண்டாத கனத்தை ஒருத்தி விரும்பித் தூக்கினால் அதன்மேல் மந்திரத்துக்குப் பிடி கிடையாது. இது மருதாயிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி அழுதிருப்பாளா?

இறங்கும்போது மூன்றாம் வளைவில் கல் சூடாயிற்று. இரண்டாம் வளைவில் பெருமூச்சு விட்டது. முதல் வளைவில் வாய் திறந்தது.

"யாரும்மா நீ? என்னை எங்கே தூக்கிட்டுப் போறே?"

பொக்கை வாய்க் கிழவன்! ஒச்சப்பன் என்று பேராம்.

மருதாயி அவனைத் தொப்பென்று இறக்கிவிட்டு மண்ணில் புரண்டாள். "நீயா! உன்னையா சுமந்தேன்! என் எலும்பெல்லாம் போச்சே!"

"என்மேல ஏன் எரிஞ்சு விழறே? நானா தூக்கச் சொன்னேன்?" என்றான் கிழவன். அவளோ எழுந்தாள், திரும்பவும் மலையைப் பார்த்து நடந்தாள். அவன் கொஞ்சம் நின்று பார்த்தான். "இரு தாயி. நீ ஏறுவே, நான் பார்த்துக்கிட்டே நிக்கணுமா? இன்னமும் நான் என்ன கல்லா?"

இரண்டு பேர் ஏறினார்கள், இரண்டு கல்லோடு இறங்கினார்கள். சடையப்பன் இல்லை. நாலு பேர் ஏறினார்கள். சடையப்பன் இல்லை. எழுந்தவர்களெல்லாம் அடுத்தவரைத் தூக்க ஏறினார்கள். காட்டுக்கிழங்கைச் சுட்டு உப்பில்லாமல் தின்றார்கள். ஒவ்வொரு தடவையும் முதுகில் ஒரு கல் பேசும். மருதாயியின் நெஞ்சு துள்ளும். வேறு குரலாக இருக்கும். அடுத்தவன் பெண்டாட்டிக்குப் புருஷன் கிடைப்பான். இவளுக்கு முதுகு இன்னும் கொஞ்சம் வளையும்.

கடைசியில் ஒரே ஒரு கல் மிஞ்சியது. மருதாயிக்கு அதைத் தூக்கத் தெம்பில்லை, தொடவே பயம்.

"இதுவும் அவரில்லேன்னா பெரியப்பா?"

"இல்லேன்னா இல்லே. வேறே எவனோ ஒருத்தன். அவனையும் விட முடியுமா? பிடிங்கடா எல்லாரும்!" என்றான் ஒச்சப்பன்.

லேசமுனி வழியை மறித்தான். "ஒரே ஒரு கல்! எறிஞ்சுட்டு வீடு போய்ச் சேருங்களேன்! வேண்டாததை எறி..."

பாட்டு முடியவில்லை. உச்சியில் கல் எல்லாம் போய்விட்டதால் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. ஒரு வீசு வீசியது. மற்றவர்களைக் கனம் பிடித்து நிறுத்தியது. முனியிடம்தான் கனமே கிடையாதே! சருகுபோலச் சுழன்று போனவன்தான், இன்னும் தரையிறங்கவில்லை.

முதல் வளைவில் தோள்களின் மேலிருந்து ஒரு குரல். "யாருய்யா செத்தது? இத்தனை பேர் தூக்கிட்டுப் போறீங்க?"

"நீதான்டா!" என்றான் ஒச்சப்பன். "பிடிக்கலேன்னா இறங்கி நட!"

மருதாயி தலையிலிருந்த பல்லாங்குழியை எடுத்துச் சடையப்பன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். கல்லில் பட்ட சத்தம் வரவில்லை. முதுகில் பட்ட சத்தம்தான் வந்தது. "ஐயோ!" என்றும் ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் நம்பினாள்.

மலைப்பாதை திறந்தது. செம்மண்கோட்டைக் குழம்பெல்லாம் உப்புக் கண்டது. எல்லாரும் நாக்குச் சிவக்கத் தின்று நன்றாக இருந்தார்கள். பொய் என்கிறவர்கள் நேரே போய் நெட்டைமலை உச்சியைப் பாருங்கள். ஒரு கல்கூடக் கிடையாது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?