நாற்பது கதவு ஊர்

சத்தியம்! சத்தியம்! முக்காலும் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்லெல்லாம் இப்போதே கொட்டட்டும். மிச்சம் இருப்பது இரண்டுதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

வெகு காலத்துக்கு முன்னே கொன்றைநாட்டை மகுடவாகு என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் போட்ட உத்தரவை, மத்தியானச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று மாற்றிவிடுகிற ஆள். அவருக்கு ஒரு நாள் திடீர் ஆசை. எந்த நிலத்தில் வீடு, எதில் வயல், எதில் மேய்ச்சல் என்று ஊர் ஊராகத் திட்டம் போட்டுச் செப்பேட்டில் பொறித்துவிட வேண்டும், ஐம்பது வருஷத்துக்கு யாரும் அதைத் தொடக் கூடாது. ஆட்சேபம் இருப்பவர்கள் ஐப்பசிப் பௌர்ணமிக்குள் சபையில் வந்து சொல்லலாம் என்று பறை அறைந்தார்கள்.

மஞ்சனத்திப்பட்டியிலிருந்து அரியநாச்சி வந்தாள். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறவள். அவள் வீட்டிலோ ஒரே கூரைக்குள் நான்கு குடும்பம். கொழுந்தனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. "தை பிறப்பதற்குள் தனியாக ஓர் அறை காட்டுங்கள். இல்லையென்றால் என் மகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

"மகாராஜா, ஊருக்கு மேற்கே கரட்டு மேடு சும்மா கிடக்கு. புல்லுகூட முளைக்காது. அதை வீட்டு மனைன்னு திட்டத்துல எழுதணும்" என்றாள்.

நில அளவை அதிகாரி பீதாம்பர ராயர் துள்ளி எழுந்தார். அந்த மேட்டில் காற்று வாங்க ஒரு மாளிகை கட்டலாம் என்று அவர் ரகசியமாக வாசக்கால்கூடச் செய்து வைத்திருந்தார்.

"பிரபு! தங்கள் பாட்டனார் காலத்தில் அந்த ஊரில் நாற்பது கதவு. போன மாதம் நானே எண்ணினேன், இன்றும் நாற்பதே கதவு. ஒன்றுகூட அதிகமாகவில்லை. புது மனை எதற்கு?"

"புதுச் சுவர் எழுப்பக் கூடாதுன்னு பாட்டனார் ஆணை இருக்கே, ஐயா. அப்புறம் கதவு எப்படிக் கூடும்? கதவு குட்டி போடாது. உள்ள இருக்கிற நாங்கதான் போடுறோம்."

ராஜா குலுங்கிச் சிரித்தார். தன்னைத் தவிர வேறு யார் ராஜாவைச் சிரிக்கவைத்தாலும் ராயருக்கு வயிறு எரியும். "வேண்டுமானால் ஏரி உள்வாயை எடுத்துக்கொள்ளட்டும்" என்றார்.

"ஏரி நிறைஞ்சா அடுப்படியில மீன் பிடிக்கலாம். வேண்டாம்."

"அப்படியென்றால் நஞ்சையில் கட்டிக்கொள்."

"வயல்ல வீட்டைக் கட்டிட்டு வீட்டுக்குள்ள எதைப் பொங்குறது? மேடுதான் வேணும். கிடைக்காம நான் நகர மாட்டேன்."

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "சரி! உன் ஊரில் இடமில்லை என்று ராயரே வாய்விட்டுச் சொல்லட்டும், மேடு உங்களுக்கு. பௌர்ணமிக்குள் சொல்லவில்லையென்றால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு நாற்பது கதவுதான்."

"என் வாயாலா!" என்று ராயர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அப்போ பௌர்ணமி அன்னைக்கு ரெண்டு பேரும் எங்க ஊர்ல மத்தியானம் சாப்பிடணும். எட்டு வகைக் கறி" என்றாள் அரியநாச்சி. எட்டு வகைக் கறி என்றால் ராஜா எதிரி நாட்டுக்கே போய்விடுவார்.

பௌர்ணமியன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ராஜா தெருவின் முதல் வீட்டில் நுழைந்தார். அவர் இருக்கும் கூரையின் கீழ் வேறு எந்தக் குடும்பமும் இருக்கக் கூடாது, அதிகாரிக்கும் அங்கே இலை போடக் கூடாது. அது அரச முறை. ஆகவே ராயருக்குத் தெருக் கடைசியில், நாற்பதாவது வீட்டில் இலை போட்டார்கள். முதல் வீட்டிலிருந்த பத்தொன்பது பேரும் ஒரு வெள்ளாடும் இரண்டாவது வீட்டுக்குப் போனார்கள்.

அங்கேதான் வேடிக்கை. இரண்டாவது வீட்டில் ஒருவர் மூச்சை விட்டால்தான் அடுத்தவர் இழுக்க முடியும். பத்தொன்பது பேர் உள்ளே போனதும் பத்தொன்பது பேர் வெளியே பிதுங்கி மூன்றாவது வீட்டுக்கு ஓடினார்கள். மூன்றாவது நான்காவதைத் தள்ளியது, நான்காவது ஐந்தாவதைத் தள்ளியது.

ராஜா பாயசத்தை முடித்துவிட்டு, "இந்த வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள்?" என்றார்.

"வாங்க மகாராஜா, போய்ப் பார்ப்போம்" என்று தாழங்குடையைப் பிடித்தாள் அரியநாச்சி.

நாற்பதாவது வீட்டில் ராயர் அப்போதுதான் அப்பளத்தை நொறுக்கியிருந்தார். "ராயர் ஐயா, கொஞ்சம் நகருங்க" என்றபடி ஒருவர் வந்தார். "சாமி, இலையை இப்படித் திருப்பிக்குங்க" என்று இன்னொருவர். பிறகு இடுப்பில் பிள்ளையோடு இரண்டு பெண்கள், குழம்புச் சட்டியோடு ஒருவர். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ராயர் சுவர் ஓரம் போனார், நிலைப்படிக்குப் போனார், கடைசியில் இலையும் கையுமாக மழையில் நின்றார். பாயசம் முழங்கை வழியாக ஒழுகியது.

"அடப்பாவிகளா!" என்று அலறினார். "ஒரு மனுஷன் உட்கார்ந்து சாப்பிட இந்த ஊரில் இடமில்லையே! இடமே இல்லை! எள்ளளவு இடமில்லை!"

"எத்தனை தடவை சொன்னார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ராயர் திரும்பினார். குடைக்குள் ராஜா.

"மூணு தடவை மகாராஜா. நமக்கு ஒண்ணே போதும்."

ராஜா சிரித்த சிரிப்பில் குடை நழுவியது. "மேடு ஊருக்கு! முதல் மனை அரியநாச்சிக்கு! ராயரே, அளவுக் கயிற்றை எடும். கடைசி மனை வரைக்கும் நீரே கயிறு பிடிக்க வேண்டும்."

"இன்னொண்ணு மகாராஜா" என்றாள் அவள், இடத்தை விட்டு அசையாமல். "பத்து வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப எண்ணணும். கதவை இல்லை, தலையை. அதையும் செப்பேட்டுல பொறிச்சாத்தான் குடையைத் தருவேன்."

நனைந்துகொண்டே ராஜா சரியென்றார். மூன்று நாள் சேற்றில் கயிறு பிடித்த ராயர் அதற்குப்பின் எந்த ஊரிலும் கதவை எண்ணவில்லை. தை பிறந்தபோது மேட்டில் சுண்ணாம்பு வாசனை போகாத அறைக்குள் புதுப்பெண் வலது காலை எடுத்து வைத்தாள்.

ஒரே ஒரு விண்ணப்பம். ராயரின் வம்சம் இன்றைக்கும் அளவை வேலையில்தான் இருக்கிறது. என் மனையின் வடக்கு எல்லையை அளக்க அடுத்த வாரம் வருகிறார்கள். இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால், காற்று சொன்னது என்று சொல்லுங்கள். என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!