தள்ளுகிற சதை

தாணுமாலயன் ஆசானிடம் எலும்பு வைத்தியம் படிக்க வந்த செல்லத்தங்கம், ஆசானைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாழைக்குலைச் சந்தையில் சுமடு தூக்கி, பிறகு ஏலம் கூவி, தொண்டையாலேயே ஆளானவர். எதைக் கேட்டாலும் மடியைப் பிடித்து உலுக்குகிற மாதிரிதான் கேட்பார்.

அன்றும் அப்படித்தான் கேட்டார்.

"ஆசானே, ஒரு ஆளைப் பிடிச்சுத் தள்ளுதோம்லா, அப்போ தள்ளுத சதை எது?"

எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்த ஆசான் திரும்பவில்லை. "தள்ளுகிற சதை என்று உடம்பில் ஒன்று கிடையாது."

"இது என்ன பேச்சு? நான் தள்ளியிருக்கேனே!"

"அப்படியென்றால் தேடிப் பாரும். கிடைத்தால் எனக்கும் காட்டும்."

செல்லத்தங்கம் தள்ளியது தன் தம்பி பொன்சிங்கை. இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு லோடு குலைக்கு விலை பேசும் தகராறில், சந்தை நடுவில் வைத்து. அவன் கையை ஊன்றி விழுந்தான். தோள் கழன்றது. யாரோ பிடித்துத் திரும்பக் குழிக்குள் ஏற்றிவிட்டார்கள். அதன்பிறகு சட்டை மாட்டினால் கழன்றது, தூக்கத்தில் புரண்டால் கழன்றது. குலை தூக்குகிற வேலை போயிற்று. அண்ணனோடு பேச்சும் போயிற்று. அந்தத் தோளைத் தன் கையாலேயே சரியாக்கிவிட வேண்டும் என்றுதான் செல்லத்தங்கம் இந்த வயதில் சீடராக வந்து உட்கார்ந்திருந்தார். இதை ஆசானிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டு நாள் தேடினார். சுவரைத் தள்ளினார். துவைகல்லைத் தள்ளினார். தள்ளுகிற கையை மறு கையால் தடவித் தடவிப் பார்த்தார். புஜத்தின் முன்பக்கம் தொளதொளவென்று கிடந்தது. பின்பக்கம் கல்லாக இறுகியது. கிடைத்துவிட்டது என்று ஓடினார்.

"பின்பக்கச் சதைதான் தள்ளுது, ஆசானே!"

ஆசான் அந்தச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது முழங்கை எலும்பைப் பின்னாலிருந்து இழுக்கிறது. அதனால் கை நீளுகிறது. முன்பக்கத்துச் சதை தளர்ந்து வழி விடுகிறது. தள்ளுவது எது?"

"நெஞ்சுச் சதையா?"

"அதுவும் புஜத்தைக் குறுக்கே இழுக்கத்தான் செய்யும்."

"எல்லாம் இழுக்கிற பயலுவதான்னா, பின்னே தள்ளுனது யாரு?"

"அதைத்தானே நீர் தேடப் போனீர்?"

செல்லத்தங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. சந்தையில் ஒருத்தன் இப்படிப் பிடி கொடுக்காமல் பேசினால் அன்றைக்கே கை கலந்திருப்பார். வெளியே வந்து நின்றார். தள்ளுகிற சதையே இல்லையென்றால் தம்பி எப்படி விழுந்தான்? நிம்மதிப்படுவதா, வெட்கப்படுவதா? தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருடைய கையோ மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து பொன்சிங் இறங்கினான். அண்ணனைக் கண்டதும் படியிலேயே நின்றான்.

"இவரு இங்க என்ன செய்யுதாரு? எலும்பையும் ஏலம் விடுதாரோ?"

ஆசான் அவனை உட்காரவைத்து, என்ன சாப்பிட்டாய், எந்த ஊர் வழியாக வந்தாய் என்று கேட்டபடியே கையை மெல்ல உயர்த்தினார். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் தோள் 'டொக்'கென்று உள்ளே போயிற்று.

"முதலில் எப்படிக் கழன்றது?"

"உங்க சீடர்ட்ட கேளுங்க."

ஆசான் செல்லத்தங்கத்தைப் பார்த்தார். "தள்ளுகிற சதை கிடைத்ததா?"

"இல்ல, ஆசானே." பிறகு மளமளவென்று கொட்டினார். "இனிமே கழலாதபடி இறுக்கிக் கட்டிருங்க. என்ன மருந்து வேணும்னாலும் சொல்லுங்க, நான் கொண்டு வாறேன்."

"எலும்பையும் எலும்பையும் பிணைக்கிறது நார். நீளமாக இழுபட்டுப்போன வாழைநார் பழையபடி சுருங்குமா?"

"சுருங்காது."

"இதுவும் சுருங்காது. இடுப்புக்காவது சிரட்டை மாதிரி ஆழக் குழி இருக்கிறது. தோளுக்குக் கரண்டிக் குழிதான். நார் தளர்ந்தால், சுற்றியிருக்கிற சதைதான் பிடித்து நிற்க வேண்டும். அதற்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும்."

மூன்று வாரம் பொன்சிங்கின் கை கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தது. கட்டு அவிழ்த்த அன்று, ஆசான் ஒரு துண்டின் முனையைப் பொன்சிங் கையில் கொடுத்தார். மறுமுனையைச் செல்லத்தங்கத்திடம் நீட்டினார்.

"முழங்கை விலாவை விட்டு அகலக் கூடாது. மெல்ல உள்பக்கமாக இழு, தம்பி."

"வேற ஆளே கிடைக்கலியா? தூணுல கட்டிவிடுங்க, இழுக்கேன்."

"தூணுக்கு உன் வலி தெரியாது."

பொன்சிங் முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தான். இருபது வருஷமாகச் சந்தையில் விலைக்கு இழுபறி செய்த பழக்கம். செல்லத்தங்கத்தின் கை தன்னையறியாமல் எதிர்த்து இழுத்தது. பொன்சிங் பல்லைக் கடித்தான். பதறிப்போய் அவர் துண்டை விட, பொன்சிங் தடுமாறிச் சுவரில் சாய்ந்தான்.

"பாத்தீங்களா ஆசானே? இவருக்கு ஒண்ணு பிடிச்சு இழுக்கத் தெரியும். இல்லேன்னா ஒரேயடியாக் கைகழுவத் தெரியும்."

செல்லத்தங்கத்துக்கு வேர்த்து வழிந்தது. கோபம் வரவில்லை. எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை.

"ஆசானே, இழுத்தா அவனுக்கு வலிக்கு. விட்டா விழப் பாக்கான். நான் என்னதான் செய்ய?"

பொன்சிங் தன் முனையை இன்னும் விடவில்லை. ஆசான் தரையில் கிடந்த மறுமுனையை எடுத்து, மண்ணைத் தட்டி, செல்லத்தங்கத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"விட்டுக் கொடும். விட்டுவிடாதேயும்."