பிரகாசி சொன்ன நன்றி

தூத்துக்குடியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் பிரகாசி, “புகையே வராது” என்ற விளம்பரத்தை நம்பித்தான் புது வேன் வாங்கினாள். ரோட்டில் ஓட்டினால் கரும்புகை. பிள்ளைகள் இருமினார்கள், பெற்றவர்கள் வேறு வேன் தேடினார்கள். அவளைப் போலவே ஏமாந்த ஓட்டுநர்கள் சேர்ந்து, நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒரே வழக்காகப் போட்டார்கள்.

வேன் கம்பெனி மேலாளர் நீலமேகம் வெள்ளைவெளேரென்ற சட்டையில் நீதிமன்றத்துக்கு வந்தார். “புகை வருகிறதென்று இங்கேயே காட்டுங்கள். முடியாவிட்டால் வழக்கை வாபஸ் வாங்குங்கள்!”

நீதிபதியோடு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். அங்கே நிற்கிற பிரகாசியின் வேனில் புகை அளக்கும் கருவியைச் செருகிச் சோதித்தால், புகையே இல்லை. ஓட்டுநர்களின் முகம் தொங்கிப்போனது.

பிரகாசி மட்டும் கும்பிட்டாள். “ரொம்ப நன்றிய்யா. ஒரே ஒரு ஆசை. நான் பீச் ரோடு வரைக்கும் வேனை ஓட்டுதேன். நீங்க இந்தச் சட்டையோட பைக்கில பின்னாலயே வாங்க. சட்டை வெள்ளையாவே இருந்தா நாங்க எல்லாரும் வழக்கை விட்டுருதோம்.”

மேலாளர் பதறிப்போனார். “அதெப்படிம்மா? சோதனை நடக்கும்போது மட்டும்தானே இன்ஜின் புகையை அடக்கும்!”

“அப்போ ரோட்டில்?” என்றார் நீதிபதி.

மேலாளர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அத்தனை பேருக்கும் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஓட்டுநர்கள் கண்கலங்கி நன்றி சொல்ல, பிரகாசி நேராக மேலாளரிடம் போனாள்.

“நன்றி உங்களுக்குத்தான்யா சொல்லணும். உங்க கம்பெனியில உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”