பதினொரு நாள் அவகாசம்

ஈரோட்டில் முப்பது வருடமாகத் திருமணத் தகவல் மையம் நடத்தியவர் சிவக்கொழுந்து. அவர் பேசி முடித்த கல்யாணங்கள் அறுநூற்றைத் தாண்டும். சொந்த மகள் தென்றலுக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. பெங்களூரில் வேலை பார்த்த அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஐந்து வரன்களை வேண்டாம் என்றுவிட்டாள். ஆறாவது வரனுக்கு அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு, சென்னிமலை அடிவாரத்தில் இருந்த தன் குரு மெய்யம்மையைப் பார்க்க வந்தார்.

மெய்யம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசாதவர்.

சிவக்கொழுந்து மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். முன்பு இருபதில் முடிந்த காரியத்தை இப்போது முப்பத்தைந்திலும் யோசிக்கிறார்கள், சிலர் கல்யாணமே வேண்டாம் என்கிறார்கள், கட்டிக்கொண்டவர்களும் ஒத்துவராவிட்டால் ஆறே மாதத்தில் பிரிந்துவிடுகிறார்கள் என்றார்.

"படிப்பா, சம்பளமா, செல்போனா? எதுங்கம்மா இதுக்குக் காரணம்?"

"நீங்க முதல்ல முடிச்சு வச்ச கல்யாணம் ஞாபகம் இருக்குங்களா?"

"பவானியில பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. இருபத்தொன்பது வருசம் ஆச்சு. இன்னிக்கும் நல்லா இருக்காங்க."

"அந்தப் பொண்ணுகிட்டயே போய்க் கேளுங்க."

மறுநாளே பவானிக்குப் போனார். பூங்கோதை அவரை அடையாளம் கண்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். கணவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. தங்கமான மனிதர் என்றாள். மெய்யம்மையிடம் கேட்ட அதே கேள்வியை அவர் அவளிடமும் கேட்டார்.

"பி.எஸ்சி. கடைசிப் பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்துச்சுங்கண்ணா. அது முடியட்டும்னு எங்கப்பாகிட்டக் கெஞ்சினேன். அந்த முகூர்த்தத்தை விட்டா மாப்பிள்ளை கைநழுவிப் போயிரும்னு நீங்க சொல்லிட்டீங்க."

அவருக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை.

"அப்புறம் எழுதலையாம்மா?"

"இல்லீங்க. எம் பொண்ணு சட்டம் படிச்சு இப்பத்தான் கோர்ட்டுக்குப் போறா. வயசு இருபத்தேழு. எப்பக் கல்யாணம்னு யார் கேட்டாலும் அவளையே கேளுங்கன்னு சொல்லிருவேன். அவங்கப்பாவுக்கும் அதே பதில்தான்."

அவள் குரல் உயரவில்லை. கோபமும் அதில் இல்லை. சிவக்கொழுந்தால் அந்த மோரைக் குடித்து முடிக்க முடியவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தார்.

பவானி பேருந்து நிலையத்தில் நின்றபடியே மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் செய்தார். மகளைக் கேட்காமல் கொடுத்தது தன் தப்பு என்று சொல்லி அந்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவர் மனைவியின் அண்ணனும் கூப்பிட்டுக் குடும்ப மானத்தை வாங்கிவிட்டதாகக் கத்தினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

அங்கிருந்து நேராகச் சென்னிமலைக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

"இனிமே தென்றலைக் கேக்காம ஒண்ணும் செய்யறதில்லைங்கம்மா. நாளைக்கே பெங்களூர் போறேன். ஒரே ஒரு பயம்தான். கல்யாணமே வேண்டாம்னு சொல்லிட்டா?"

மெய்யம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படிச் சொல்லக் கூடாதுன்னா, அவளை எதுக்குங்க கேக்கறீங்க?"