வாடகைக்கு எடுத்த பத்து வருஷம்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கிய தனஞ்செயன், தனக்குப் பெண் பார்க்கப் போவதற்காக, மஞ்சள் நம்பர் போர்டு இல்லாத பெரிய காராகத் தேடி வாடகைக்கு எடுத்தார். கூடவே ஒரு டிரைவரையும் கொடுத்தார்கள். "என் பேருங்க..." என்று அவன் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன் பேரு எனக்கெதுக்கு? இது என் சொந்த வண்டி, நீ என்கிட்ட பத்து வருஷமா இருக்கறே. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும். மாத்திப் பேசினா உன் வேலைக்கே உலை வெச்சிருவேன்."

இப்படியாகக் காரோடு பத்து வருஷத்தையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்துக்கொண்டார் மனுஷன்.

உடுமலையில் பெண் வீட்டுக்குள் பஜ்ஜியும் கேசரியும் பரிமாறினார்கள். டிரைவர் வெளியே வெயிலில் நின்றான். பெண்ணின் அப்பா மனசு கேட்காமல் வந்து கூப்பிட்டார்.

"பலகாரம் சாப்பிட வாங்க தம்பி. அவருகிட்ட எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பத்து வருஷமாங்க."

"அட! உங்க பேரு?"

"அவரு சொல்லிக் குடுத்ததுக்கு மேல நான் பேசக் கூடாதுங்க. பேரை அவருகிட்டயே கேட்டுக்குங்க."

அவர் உள்ளே போய்க் கேட்டார். தனஞ்செயன் கையில் எடுத்த பஜ்ஜி கையிலேயே நின்றது.

"அது... டிரைவர்னுதான் கூப்பிடுவேன்."

"பத்து வருஷமாவா?" என்ற பெண்ணின் அப்பா, உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பொண்ணு வெளிய வர வேண்டாம்."

விமான நிலையத்துக்குத் திரும்பியதும் தனஞ்செயன் வாடகைக் கார் கம்பெனியில் டிரைவர் மேல் புகார் எழுதத் தாளை வாங்கினார். முதல் வரியிலேயே டிரைவர் பெயரைக் கேட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உன் பேரு என்னடா?"

வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

"மாரப்பனுங்க. காலையிலேயே சொல்ல வந்தேனுங்க."