தண்ணீருக்காகத் தண்ணீரை விட்ட காட்டுப்பூனை

கல்மலைக் காட்டில் ஒரு குளம் இருந்தது. பங்குனி பிறந்துவிட்டால் அது வற்றி வெறும் குட்டையாகிவிடும். அந்தக் குட்டையை விட்டால் ரெண்டு மலை தாண்டி ஆற்றுக்குத்தான் போக வேண்டும். பால் குடிக்கும் குட்டிகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யாரால் போக முடியும்?

விடியும்போது குட்டையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். வெயில் ஏறியதும் காட்டெருமைகள் இறங்கிச் சேறாக்கிவிடும். பிறகு யாரும் வாய் வைக்க முடியாது. எருமைகளைத் தடுக்க யாருக்குத் தைரியம்? அதற்கு முன்னால் முறை வைத்துக் குடித்தால் ஆறு குடும்பம் குடிக்கலாம். அந்த ஆறு யார் என்று வருஷா வருஷம் அடிதடி நடந்தது. கடைசியில் விலங்குகள் எல்லாம் கூடி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. கோடை தொடங்கும் நாளில் மல்யுத்தம். பெரிய பிரிவு, நடுப் பிரிவு, சின்னப் பிரிவு என்று மூன்று. பிரிவுக்கு ரெண்டு இடம். ஜெயித்தவர்களுக்குக் கோடை முழுக்க விடியற்காலை முறை. முறை காலியாகக் கிடந்தாலும் ஜெயிக்காதவர் வாய் வைக்கக் கூடாது. வாலாலோ காலாலோ தரையை மூன்று தட்டு தட்டினால் தோற்றதாக அர்த்தம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூத்தைக் கேளுங்கள். பெரிய பிரிவில் இருந்தது கரடியும் காட்டுப்பன்றியும் மட்டும்தான். ரெண்டு பேருக்கு ரெண்டு இடம். ரெண்டும் வந்து ஒன்றையொன்று நாலு தள்ளு தள்ளிவிட்டு, மூச்சு வாங்கி, போதும் என்று உட்கார்ந்துவிடும். தோற்றவருக்கும் தண்ணீர் உண்டு. நடுப் பிரிவில் முள்ளம்பன்றி, ஓரி என்ற நரி, செவலி என்ற காட்டுப்பூனை, ஆக மூன்றே பேர். சின்னப் பிரிவில் மட்டும் கீரி, முயல், உடும்பு, மரநாய், அணில் என்று நாற்பது பேர். அவர்களுக்கும் அதே ரெண்டு இடம்தான்.

செவலிக்குப் போன வருஷம் மூன்றாவது இடம். அதாவது கடைசி. அந்தக் கோடையில் அதன் குட்டிகள் மூன்றும் நாக்கு வறண்டு செத்துப்போயின. இந்த வருஷம் மறுபடியும் ரெண்டு குட்டிகள். ஒன்றுக்குக் காது மட்டும் பெரிசு. அதைக் காதன் என்று கூப்பிட்டது. இன்னொன்று எப்போதும் தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அது பொட்டி. இந்த ரெண்டையும் பறிகொடுக்க முடியாது என்று செவலி முடிவு செய்திருந்தது. அதில் தப்பில்லை. யோசித்த வழியில்தான் தப்பு.

முள்ளம்பன்றி என்றாலே செவலிக்குப் பயம். அது திரும்பி நின்று முள்ளைச் சிலுப்பினால் யார் கிட்டே போவது? ஓரியோ கடிக்கிற மாதிரி வந்து காலை வாரிவிடும். இவர்களோடு மோதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று செவலிக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலை அது புதருக்குள் படுத்துக்கொண்டு சின்ன விலங்குகள் பழகுவதைப் பார்த்தது. முயல் உடும்பின் மேல் விழுந்தது. கீரி மரநாயோடு உருண்டது. எல்லாம் துக்கடா துக்கடாவாக இருந்தன. 'என் ஒரு கைக்குக் காணாது இதுங்க' என்று செவலி நினைத்தது. 'கொஞ்சம் இளைத்தால் நான் இந்தப் பிரிவுக்கே போய்விடலாமே!'

உடனே கருமூஞ்சி மந்தியிடம் போனது. எடை பார்ப்பது அந்த மந்திதான். கரையில் இருந்த நாவல் மரத்தில் ஒரு கிளை தாழ்ந்து போகும். அதில் ஏறி உட்கார வேண்டும். கிளை நுனி கீழே இருக்கும் பாறையைத் தொட்டால் நடுப் பிரிவு. தொடாவிட்டால் சின்னப் பிரிவு. கரடியையும் பன்றியையும் யாரும் ஏறச் சொல்வதில்லை.

"நான் உட்கார்ந்தா கிளை பாறையைத் தொட்டும் தொடாமலும்தானே நிக்குது?" என்று கேட்டது செவலி.

"தொடுது. ஒரு விரக்கடை இளைச்சா தொடாது. எதுக்குக் கேக்குற?"

"இந்த வருஷம் சின்னப் பிரிவுல இறங்கப் போறேன்."

மந்தி தலையைச் சொறிந்தது. "அங்க கூட்டம் ஜாஸ்தி, செவலி."

"கூட்டம்தானே. ஊதினாப் பறந்துடும்."

"நான் வருஷா வருஷம் பாக்குறேன். அதுல ஒண்ணுகூட ஊதினாப் பறக்கிற ஆளு இல்லை. ஒரு தடவை பிரிவு மாறினா அந்தக் கோடைக்கு அதான் கணக்கு. திரும்ப முடியாது. யோசிச்சுக்க."

செவலி யோசிக்கவில்லை. மந்திக்குத் தன்மேல் பொறாமை என்று மட்டும் நினைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அது சாப்பாட்டைக் குறைத்தது. பத்து நாளும் நாளுக்கு ஒரு எலியோடு நிறுத்திக்கொண்டது. உச்சி வெயிலில் பாறைமேல் மல்லாந்து கிடந்தது. போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது தண்ணீரையும் விட்டுவிட்டது. பாருங்கள் அந்த அறிவை! தண்ணீருக்காகச் சண்டைக்குப் போகிற ஜென்மம், குட்டையில் தண்ணீர் இருக்கும்போதே குடிக்காமல் கிடந்தது.

குடித்தால்தானே பால் ஊறும்? முதல் நாளே பால் குறைந்தது. ரெண்டாம் நாள் சுத்தமாக நின்றுவிட்டது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்தன. காதன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

"அம்மா, பால் வரலை."

"இன்னும் ஒரே நாள் பொறுங்க, கண்ணுங்களா. அப்புறம் தினம் விடிஞ்சதும் நல்ல தண்ணி. அம்மாவுக்குப் பால் தன்னால வரும்."

சொல்லும்போது செவலிக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மனசும் கனத்தது. ஆனாலும் விடவில்லை.

போட்டி நாள் விடிந்தது. செவலி நாவல் கிளையில் ஏறி உட்கார்ந்தது. கிளை தாழ்ந்தது, ஆடியது, பாறைக்கு மேலே நின்றது. தொடுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மந்தி காய்ந்த நாவல் இலை ஒன்றைக் கிளைக்கும் பாறைக்கும் நடுவில் விட்டு இழுத்தது. இலை கிழியாமல் வந்தது. கூடியிருந்த விலங்குகள் எல்லாம் அதைப் பார்த்தன.

"சின்னப் பிரிவு" என்றது மந்தி.

வறண்ட ஓடையின் மணலில் போட்டி தொடங்கியது. செவலிக்கு எதிரே ஒரு முயல் வந்து நின்றது. செவலிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு போய்விட்டது. முயல் பின்னங்கால்களால் ஒரு உதை விட்டது. செவலிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் பாய்ந்தாலும் முயல் அங்கே இல்லை. கடைசியில் ஒரு வேரில் கால் தடுக்கி முயலே விழுந்ததால்தான் செவலி அதன்மேல் படுத்து அமுக்க முடிந்தது. முயல் மூன்று தட்டு தட்டியது.

செவலிக்கு மூச்சு வாங்கியது. "நீதான் இந்தப் பிரிவுல முதல் ஆளா?" என்று கேட்டது.

முயல் மணலைத் தட்டிக்கொண்டே எழுந்தது. "நானா? போன வருஷம் நான் முப்பத்தி நாலாவது."

செவலி மீதி நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்து வந்தது பரட்டை என்ற கீரி. அதை எப்படி வர்ணிப்பது? வந்தது தெரியவில்லை. செவலியின் முன்னங்காலுக்குள் புகுந்து, முதுகில் ஏறி, கழுத்தைச் சுற்றிப் பிடித்துவிட்டது. செவலி உருண்டது. கீரியும் கூடவே உருண்டது, பிடி மட்டும் தளரவில்லை. நல்ல உடம்போடு இருந்தாலே தப்புவது கஷ்டம். தண்ணீர் இல்லாத உடம்பில் என்ன இருக்கும்? செவலியின் வால் தானாகவே மண்ணைத் தட்டியது.

"நீ... எத்தனாவது?" என்று கேட்டது செவலி.

"பத்தொன்பதாவது" என்றது பரட்டை. "நீ நல்லாத்தான் பிடிச்ச. ஆனா எங்க கூட்டத்துல நல்லாப் பிடிச்சா மட்டும் போதாது. நாப்பது பேரும் நல்லாப் பிடிக்கிறவங்கதான். ஒருத்தன் ஒரு நாள் சோம்பினா பத்து இடம் கீழே போயிடுவான். எனக்கு இது ஆறாவது வருஷம். ஒரு தடவைகூட அந்தக் குட்டையில விடியத் தண்ணி குடிச்சதில்லை."

செவலி மணலில் கிடந்தபடியே அதைக் கேட்டது. குட்டிகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. அழக்கூட உடம்பில் ஈரம் இல்லை.

அப்போதுதான் மந்தி நடுப் பிரிவைக் கூப்பிட்டது. முள்ளம்பன்றி வந்து நின்றது. எதிரே யாரும் வரவில்லை. "ஓரி எங்கே?" என்று மந்தி கத்தியது.

"ஓரி நேத்தே ஆத்துப் பக்கம் குடி போயிடுச்சு" என்று மரத்திலிருந்து அணில் சொன்னது.

"அப்போ நடுப் பிரிவுல முள்ளம்பன்றி ஒரே ஆளுதான். இன்னொரு இடம் காலி" என்றது மந்தி.

செவலி எப்படி எழுந்தது என்று அதற்கே தெரியாது. தள்ளாடிக்கொண்டு ஓடியது. "காலி இல்லை. நான் இருக்கேன். அது என் பிரிவு."

மந்தி அதைப் பார்த்தது. அதன் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இலை கிழியாம வந்ததை எல்லாரும் பாத்தாங்க, செவலி. இன்னைக்கு உனக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் நாவல் மரத்தடியில வந்து நிப்பாங்க. நீ சும்மா இருந்திருந்தா ஒரு சண்டைகூட வேண்டாம். இந்த இடம் உனக்குத் தானா வந்திருக்கும்."

முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டது.

மறுநாளிலிருந்து முறை தொடங்கியது. கரடி குடித்தது. பன்றி குடித்தது. முள்ளம்பன்றி குடித்தது. அடுத்த முறை யாருக்கும் இல்லை. அந்த நேரத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையில் உட்கார்ந்திருந்த செவலி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சின்னப் பிரிவின் ரெண்டு பேரும் குடித்தார்கள். பிறகு எருமைகள் வந்தன.

மூன்றாம் நாள் விடியுமுன் பரட்டை அந்தப் பக்கம் வந்தது. "இங்க உக்காந்து பாத்தா தண்ணி வாயிலயா வந்து விழும்? ஓடை மணலைத் தோண்டு. ஒரு முழ ஆழம் தோண்டினா ரெண்டு வாய் ஊறும். நாங்க முப்பத்தெட்டுப் பேரும் அப்படித்தான் உயிரோட இருக்கோம்."

செவலி தோண்டிப் பார்த்தது. நகம்தான் பிய்ந்தது, ஈரம் வரவில்லை. பரட்டை அந்த நகத்தைப் பார்த்தது. பிறகு, "என் குழியில ஒரு வாய் எடுத்துக்க. ஒரு வாய்தான். எனக்கும் குட்டிங்க இருக்கு" என்றது.

செவலி அந்த ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் வாயில் ஏந்திக்கொண்டு பொந்துக்கு ஓடியது. பொட்டி தலையைத் தூக்கியது. காதன் தூக்கவில்லை. அதன் பெரிய காதை மூக்கால் நிமிண்டிப் பார்த்தது செவலி. காது மடங்கி அப்படியே கிடந்தது. வாயிலிருந்த தண்ணீரைச் செவலி பொட்டிக்கே முழுதும் கொடுத்தது.

அன்று காலையே பொட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு ஆற்றை நோக்கிக் கிளம்பியது. ரெண்டு மலை தாண்ட வேண்டும். குட்டையைக் கடக்கும்போது அதன் கண் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. முள்ளம்பன்றி குடித்துவிட்டுப் போயிருந்தது. செவலிக்கு வந்திருக்க வேண்டிய முறை அது. கரையில் யாரும் இல்லை. தண்ணீர் பளபளவென்று கிடந்தது.

ஆள் சின்னது என்று திறமையையும் சின்னதாக நினைப்பவர், தன் கையில் இருந்ததையும் சேர்த்து இழந்துவிட்டு நிற்பார்.