பதினொரு பெயர்

இருட்டியபின் தகரக் கதவில் டொம், டொம் என்று பந்து மோதும் சத்தம். பயந்துபோய் கைக்குழந்தையோடு திறந்தாள், கால்பந்துப் பயிற்சியாளர் சூசையின் மனைவி டெல்மா. வாசல் நிறைய ரசிகர்கள், முன்னால் கிளப் தலைவர் தஸ்நேவிஸ்.

"அஞ்சு ஆட்டம் தோத்தாச்சு. உன் புருசனுக்கு வேலை கிடையாது. கிளப் வீட்டுச் சாவியைக் கொடு பிள்ள!"

"தாறேன் தலைவரே. அடுத்த ஆட்டத்துக்கு யார் யார் இறங்கணும்? எல்லாரும் தனித்தனியா பதினொரு பேரை எழுதுங்க. ரெண்டு தாள் ஒத்துப்போனாலும் சாவி உங்களுக்கு."

எழுதினார்கள். ஒன்றுகூட ஒக்கவில்லை. தலைவர் தாளில் கோல்கீப்பர் அவர் மருமகன்!

"பந்தைக் கண்டா கண்ணை மூடுறவனையா? இதுக்கு நம்ம சூசையே தேவலை, இருக்கட்டும்!" என்று கத்தினார்கள் ரசிகர்கள்.

கூட்டம் தலைவரை ஏசிக்கொண்டே கலைந்தது.

"மாதாவே, இவங்களை ஒத்துப்போகவிடாம காத்தியே, நன்றி" என்றபடி டெல்மா உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.